மங்கிப்போன கேலக்ஸி

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் நலம், மலையில் குளிர் மட்டும் அதிகம்.

வருடக்கணக்காக நான் இங்கே தொலைநோக்கியில் கவனித்துவரும் கேலக்ஸியின், அதாவது அந்த நட்சத்திரக் கூட்டத்தின், நடுப்பகுதி பளிச்சென்று இருக்கும். போன வாரம் அது மங்கிவிட்டது. அங்கிருக்கும் கருந்துளை விழுங்கும் வாயுதான் அப்படி ஒளிருமாம், இப்போது அந்த இரை குறைந்துவிட்டதாம். கூட வேலை செய்யும் டெல்ஃபினா, "உன் ஆளு கடையைச் சாத்திட்டாருடி!" என்று சிரித்தாள். எங்கள் தலைவரோ, "இது அபூர்வம்மா! இந்த மாசம் முழுக்க நீயே பாரு" என்றார். சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டேன். தங்கை இமெல்டாவின் கல்யாணமும் இந்த மாதம்தான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கல்யாணத்துக்கு வர முடியாதென்று அவளிடம் போனில் சொன்னேன். "உன் நட்சத்திரம் எங்க ஓடிடப் போவுது, அக்கா?" என்றாள். அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

காய்ந்த மிளகாய் கொஞ்சம் அனுப்புங்கள். கல்யாணப் படம் எடுக்கும்போது எனக்கென்று இடம் விடாதீர்கள், எல்லோரும் நெருங்கி நில்லுங்கள். தபால் வண்டி கிளம்புகிறது.

உங்கள் மகள்,
ரெஃபூஹியோ