மச்சானுக்கு வாசித்த கதை

ஜனவரி 14, செவ்வாய்
காலையில் மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், டீயைக் காட்டி "சாவி" என்றார். நான் டீயைக் கொடுத்தேன். சொன்ன வார்த்தை தப்பு என்று அவருக்கே தெரிந்துவிட்டது; மத்தியானம் வரை வாய் திறக்கவில்லை. பக்கவாதம் கை காலை விட்டுவிட்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. டிவி போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதில் பேசுகிறவர்களின் வேகம் இவருக்கு ஆகவில்லை.

ஜனவரி 16
தினமும் சத்தமாக வாசித்துக் காட்டச் சொன்னார் டாக்டர். மெதுவாக. வீட்டிலுள்ள புத்தகமெல்லாம் மச்சானுடையது. எனக்கு சீரியல்தான். ஒரு துப்பறியும் நாவலை எடுத்தேன். எஸ்டேட் பங்களாவில் கொலை. தட்டுத் தடுமாறி நாலு பக்கம். கேட்டாரா?

ஜனவரி 21
கேட்கிறார்.

ஜனவரி 27
மலை, பனி, தேயிலை என்று ஒரே வருணனை. யாருக்கு வேணும் இது? இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன். பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். புத்தகத்தைத் தொட்டு, "விட்டுட்டே" என்றார்.
சரியான வார்த்தை.
அந்தப் பனியை ஒன்று விடாமல் வாசித்தேன். கண் நிறைந்து எழுத்தே தெரியவில்லை.

பிப்ரவரி 9
மச்சானின் தம்பி சதக்கத்துல்லா வந்தார். துபாய் தேராவில் இருக்கும் எங்கள் மசாலாக் கடையை இப்போது அவர்தான் பார்க்கிறார். அடுப்படி வாசலில் நின்று, அண்ணனைப் பற்றி என்னிடம், "லாத்தா, காக்காவால இனி வியாபாரம் பேச ஏலாது. விசாவை கேன்சல் பண்ணிட்டு ரெண்டு பேரும் ஊருக்குப் போயிடுங்க. டிக்கெட் நான் போடுறேன்" என்றார். கெட்ட எண்ணமில்லை. ஆனா, அந்த மனுசன் அடுத்த ரூம்லதானே உக்காந்திருக்காரு? அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?
"அவரையே கேளுங்க" என்றேன்.
மச்சான் நேரம் எடுத்துக்கொண்டார். உதடு வேறெங்கோ போய்த் திரும்பி வந்தது. "கதை... முடியல. போக மாட்டேன்."
எந்தக் கதை என்று தம்பி என்னைப் பார்த்தார்.

ஏப்ரல் 7
நாவல் முடிந்தது. கொன்றது வக்கீல். மச்சான் போன வாரமே "வக்கீல்" என்றார். எனக்கு மேனேஜர் மேல்தான் சந்தேகம்; இவருக்கு வார்த்தை மாறி வருகிறது என்று நினைத்து, "மேனேஜர்னு சொல்லுங்க" என்று திருத்தினேன். இன்று சிரித்துக்கொண்டே இருக்கிறார்.

மே 18
மச்சான் காலையில் மட்டும் கடைக்குப் போகிறார். தனியாக இருந்தேனா, மனசு கேட்கவில்லை. புதுப் புத்தகத்தில் நாலு அத்தியாயம் முன்னே போய்விட்டேன். சாயங்காலம் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நேற்று விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.
"உனக்கு முன்னமே தெரியும். நான் கடைக்குப் போனதும் நீ மட்டும் உக்காந்து படிச்சிருக்கே."
நாளையிலிருந்து முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும்.