ஒரு முதுகின் புகார்கள்

மார்ச் 3, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த நோட்டு குதிரைகளுக்கு லாடம் மாற்றிய தேதிகளை எழுத வாங்கியது. முதல் மூன்று பக்கங்களில் லாடம்தான் இருக்கிறது. நாலாவது பக்கத்தில் நான் வந்து உட்கார்ந்துகொண்டேன். எழுதிவைக்கிற அளவுக்கு என் வாழ்க்கையில் எதுவும் நடப்பதில்லை என்று எனக்கே தெரியும். ஆனால் இன்று ஒன்று காதில் விழுந்தது. சொல்ல ஆள் இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அதனால் நோட்டு.

நான் இருப்பது சவாரி நிலையத்தின் முன்பதிவு அறை. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, முற்றத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். மலைப்பாதையில் குதிரையேறிப் போய்வர ஆசைப்படுகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது வேலை. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி செய்கிற வேலை இது. படித்தது புவியியல். அம்மா அக்கம்பக்கத்தில் "ஆபீஸ்ல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். குதிரை என்ற சொல்லை எடுப்பதே இல்லை.

இங்கே பதினோரு குதிரைகள். சாதாரணக் குதிரை வேகமெடுத்தால் இரண்டிரண்டு காலாகத் தூக்கிப்போடும். மேலே இருப்பவர் பொட்டலம் மாதிரி எகிறி எகிறி விழுவார். எங்கள் குதிரைகள் வேகத்திலும் ஒவ்வொரு காலாகத்தான் வைக்கும். முதுகு குலுங்காது. இங்கே எல்லாரும் அதைச் சிந்தாநடை என்பார்கள். தொலைபேசியில் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறேன்: "கையில டீ டம்ளரோட உக்காந்தாலும் சிந்தாது சார்." அது எனக்கு எப்படித் தெரியும்? கைடண்ணன் சொன்னார். பதினைந்து வருஷமாக வழிகாட்டியாக இருப்பவர் பொய்யா சொல்லப்போகிறார்?

கல் பாவிய முற்றத்தில் வரும்போது டக்-டக்-டக்-டக் என்று நாலும் தனித்தனியாகக் கேட்கும். தலை நிமிராமலே எந்தக் குதிரை என்று சொல்லிவிடுவேன். மிகச் சுத்தமான நாலு சீமாட்டியுடையது. சாம்பல் நிறப் பெண்குதிரை. நடையிலும் பார்வையிலும் பெயருக்குக் குறை வைக்காதவள்.

இன்று அவள் டடக்-டடக் என்று வந்தாள். வேறு குதிரையோ என்று நிமிர்ந்தேன். அவளேதான். முதுகில், நேற்று வந்திறங்கிய புதுச் சேணம் பளபளவென்று.

மார்ச் 5, வியாழன்

சீமாட்டி கைடண்ணனின் சட்டைப் பொத்தானைக் கடித்து விழுங்கிவிட்டாள். தேட வேண்டாம், நாளைக்கு எப்படியும் வெளியே வரும் என்கிறார்.

மார்ச் 6, வெள்ளி

வந்தது. கழுவித் தைத்துப் போட்டுக்கொண்டும் விட்டார். நான் நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

இன்னொன்று, சிரிக்க முடியாதது. சீமாட்டியை விற்கப்போகிறார்கள்.

மேடம்தான் இந்த நிலையத்தின் சொந்தக்காரர். கைடண்ணன் அவர் மேசைக்கு முன்னால் நின்று ஒப்பித்துக்கொண்டிருந்தார். "சேணத்த எடுத்துட்டுப் போனாலே காத மடக்குறா மேடம். கடிக்கிறா. நடையும் போச்சு. வயசாயிடுச்சு போல."

"ஒம்பது வயசெல்லாம் ஒரு வயசா? நீகூடத்தான் பதினஞ்சு வருஷமா என்னைக் கடிக்கிற. உன்னை வித்துட்டேனா?"

ஆனாலும் முடிவு மாறவில்லை. இருபதாம் தேதி ஒருவர் பார்க்க வருகிறார். செங்கல் வண்டி வைத்திருப்பவர். சீமாட்டி செங்கல் இழுப்பதா?

நான் முன்பதிவுத் தாளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். காரணம் அவள் வயது இல்லை மேடம், சேணம்தான் என்று சொல்ல வேண்டும். வாய்வரைக்கும் வந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மேடம்."

இந்த இரண்டு சொல்லை வைத்தே ஆறு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

மார்ச் 7, சனி

புதுச் சேணங்களை விற்ற கம்பெனிக்காரர் வந்தார், எப்படி இருக்கிறது என்று விசாரிக்க. எல்லாக் குதிரைக்கும் ஒரே அளவு, ஒரே நிறம். வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தால் அழகாக இருக்கும் என்றுதான் மேடத்தின் தலையில் கட்டினார். அந்த நேரம் பார்த்துச் சீமாட்டி சவாரி முடிந்து வந்தாள். சேணத்தைக் கழற்றினார்கள். முதுகெல்லாம் வியர்வை. தோள் எலும்புக்குப் பின்னால், இரண்டு பக்கமும், உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் காய்ந்து கிடந்தது.

கம்பெனிக்காரருக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா மேடம்? இங்க வேர்க்கவே இல்ல! உள்ள அப்படி ஒரு காத்தோட்டம்!"

கைடண்ணன் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, "ஆமா, ஜிலுஜிலுன்னு இருக்கு" என்றார். என்ன ஜிலுஜிலு?

சேணம் வந்த அட்டைப்பெட்டியில்தான் இப்போது பூனை படுக்கிறது. அதற்கு அடியில் ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. யாரும் பிரிக்கவில்லை. நான் அச்சடித்த எதையும் விடமாட்டேன். மருந்துச் சீட்டைக்கூட கடைசி வரி வரைக்கும் படிப்பேன். பூனையை நகர்த்திவிட்டுப் படித்தேன். ஒன்பதாம் பக்கம்: சுற்றிலும் வியர்த்து நடுவில் காய்ந்திருந்தால், அங்கே சேணம் அளவுக்கு மீறி அழுத்துகிறது. வியர்வை வரக்கூட வழியில்லை.

காத்தோட்டமாம்!

பதினோராம் பக்கம்: சிந்தாநடைக் குதிரைகளுக்குத் தோள் வீச்சு அதிகம். சேணத்துக்குள் இருக்கும் மரச்சட்டம் முன்பக்கம் குறுகலாக இருந்தால் தோளைப் பின்னால் வரவிடாது. நடை கெடும்.

எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் பழைய மின்கம்பி ஒன்றை எடுத்துப்போய், சீமாட்டியின் முதுகில் மூன்று இடத்தில் வளைத்து வடிவம் எடுத்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டேன். மலையின் குறுக்குவெட்டு வரைவது போலத்தான். மூன்று வருஷம் படித்த படிப்பு, முதல் முறையாக வேலைக்கு ஆயிற்று. என்னை அவள் கடிக்கவில்லை. மூக்கால் பின்னலை மட்டும் இழுத்துப் பார்த்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா வீட்டில் தையல் தைப்பவள். நான் தரையில் விரித்து வைத்திருந்த வரைபடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"யாருடி இந்தம்மா? தோளு இவ்ளோ அகலம்! எட்டு மீட்டர் துணி வேணுமே."

"அம்மா, இது…"

"பாவம், இடுப்பே இல்ல. ஒருவேளை ஆம்பளையா?"

"குதிரைம்மா."

அம்மா இடம் மாறி உட்கார்ந்து மறுபடியும் பார்த்தாள். தொழில் புத்தி. எங்கே பிடிக்கிறது என்று கேட்டாள். தோளில் என்றேன். கைடண்ணன் பிடிப்புக்கு மருந்தாகச் சேணத்துக்கு அடியில் இரண்டாவது மெத்தை போட்டிருப்பதையும் சொன்னேன்.

"ஏற்கனவே இறுக்கமா இருக்கிற ரவிக்கைக்குள்ள இன்னொரு துணி வெச்சா லூசாகுமா? அந்தாளுக்கு யாரு வேலை குடுத்தது?"

அப்புறம் ஜன்னலைப் பார்த்து மெதுவாக: "வெளிய சொல்லாத, குதிரைக்கு நான் அளவு பாத்தேன்னு."

மார்ச் 9, திங்கள்

இன்று ஒரு குற்றம் செய்தேன்.

வாசலில் வாடிக்கையாளர்களுக்கான புகார்ப்பெட்டி இருக்கிறது. திங்களும் புதனும் மேடம் அதைத் திறந்து, எல்லாரையும் நிற்க வைத்துச் சத்தமாகப் படிப்பார். படித்ததும் கசக்கிக் குப்பைக்கூடையில் போடுவார். காலையில் முதல் ஆளாக வந்து ஒரு சீட்டு போட்டேன். மேடம் படித்தார்:

"தங்கள் புதுச் சேணம் என் தோளை அழுத்துகிறது. கூடுதல் மெத்தையால் வலியும் கூடுதலாகிவிட்டது. கவனிக்கவும். இப்படிக்கு, முதுகுள்ள ஒரு ஜீவன்."

கைடண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சேணத்து மேல உக்கார்றத விட்டுட்டு, இந்தாளு எதுக்கு அதைத் தோள்ல தூக்கிட்டுப் போனான்?"

நான் தொலைபேசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நன்றாகத் துடைத்தேன். மேடம் அந்தச் சீட்டை மட்டும் கசக்காமல் மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். ஏன்?

மார்ச் 11, புதன்

இரண்டாவது சீட்டு: "பின்பக்கம் கடைசி விலாவையும் தாண்டி இடிக்கிறது. கீழே இறக்கம் என்றால் உயிரே போகிறது. நான் குட்டை முதுகுக்காரி என்பதை அறியவும்."

"பொம்பளை மேடம்!" என்றார் கைடண்ணன், துப்பு கிடைத்துவிட்ட குரலில். மதியம் வரைக்கும் சவாரிக்கு வந்த பெண்களையெல்லாம் பின்பக்கமாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மேடம் கூப்பிட்டு, "வர்றவங்க முதுகையெல்லாம் அளக்காத. உதை வாங்குவ" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

மேசை இழுப்பறைக்குள் இப்போது இரண்டு சீட்டுகள்.

மார்ச் 13, வெள்ளி

செங்கல் வண்டிக்காரர் நாளைக்கே வராராம். இருபதாம் தேதி இல்லையாம். நாளைக்கே!

புகார்ப்பெட்டிய இனி திங்கக்கிழமைதான் திறப்பாங்க. நான் என்னத்த எழுதிப் போட்டு என்ன? ஏன்டி, உனக்கு வாய் இல்லையா? காலேஜ்ல மூணு வருஷம் கடைசி பெஞ்சுல உக்காந்த, சரி. இங்கயும் அதேதானா? அவளுக்குத்தான் பேச வராது. உனக்கு?

மார்ச் 14, சனி

நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

பத்து மணிக்குச் செங்கல் வண்டிக்காரர் வந்தார். சீமாட்டியை முற்றத்தில் ஓட்டிக் காட்டினார்கள். டடக்-டடக். கைடண்ணன் மேலே எகிறிக்கொண்டிருந்தார். வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இழுக்கத்தானே, நடை எப்படி இருந்தா என்ன" என்றார்.

நான் பரணுக்குப் போனேன். சீமாட்டியின் பழைய சேணம் அங்கே தூசியோடு கிடந்தது. என்ன கனம்! மார்போடு அணைத்து, படியில் ஒரு காலைத் தவறவிட்டு, எப்படியோ முற்றத்துக்கு வந்துவிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். என் மூக்கில் ஒட்டடை.

"என்னம்மா?" என்றார் மேடம்.

ஒண்ணுமில்ல மேடம் என்று வாய் தானாகவே தொடங்கிவிட்டது. "ஒண்ணு…" வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே பிடித்து நிறுத்தினேன்.

"ஒண்ணு சொல்லணும் மேடம். சேணத்துக்கு முன்பக்கம், தோளுக்குப் பின்னால கைய விடுங்க. அண்ணே, நீங்க இறங்கி அவ முன்னங்காலைத் தூக்கி முன்னால இழுங்க."

ஏனோ இருவரும் செய்தார்கள். இவள் பேசிவிட்டாளே என்ற அதிர்ச்சியாகத்தான் இருக்கும். கைடண்ணன் காலை முன்னால் இழுத்தார். தோள் எலும்பு பின்னால் வந்தது.

"ஆ!" மேடம் அலறினார். "விடு, விடுடா! விரல் போச்சு!"

"ஒரு தடவைக்கே இப்படி மேடம்," என்றேன். "அவளுக்கு ஒவ்வொரு அடிக்கும்."

மேடம் விரலை ஊதிக்கொண்டே, "பழசைப் போடு" என்றார். போட்டோம். இரண்டாவது மெத்தையை எடுத்துவிட்டோம். தோள் எலும்புக்குப் பின்னால் மூன்று விரல் இடம் விட்டு வைத்தேன். மேடம் மறுபடியும் கையை விட்டுப் பார்த்தார், இந்த முறை இடது கையை. காலை இழுத்தபோதும் கை தாராளமாகப் போய்வந்தது.

கைடண்ணன் ஏறினார். இரண்டு சுற்று வரைக்கும் சீமாட்டி நம்பவில்லை. காதை மடக்கிக்கொண்டேதான் போனாள். மூன்றாவது சுற்றில் கழுத்தை இறக்கினாள்.

டக்-டக்-டக்-டக்.

வந்தவர் வாயைப் பிளந்தார். "ஏங்க, இது வண்டிக்கு வேணாம். நானே ஏறிப் போறேன். சொன்னதுக்கு மேலயே தரேன்."

காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நானே அவளுக்கு விலையை ஏற்றிவிட்டேனா?

மேடம் வீங்கிய விரலை நிமிர்த்திக் காட்டி, "இன்னைக்கு விக்கிறதா இல்ல. என்னைக்கும் விக்கிறதா இல்ல" என்றார்.

மார்ச் 16, திங்கள்

புகார்ப்பெட்டி காலி. மேடம் எல்லாரையும் அனுப்பிவிட்டு என்னை மட்டும் இருக்கச் சொன்னார். மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு சீட்டுகளையும் எடுத்து வைத்தார். பக்கத்தில் நான் எழுதிய முன்பதிவுத் தாள் ஒன்று.

"எனக்கு ஒரு சந்தேகம். குதிரைக்கு எப்படிம்மா உன்னோட 'ழ' வந்துச்சு?"

என் 'ழ'வின் வால் கீழே இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. "அழுத்துகிறது", "கீழே". இரண்டிலும் வாலை வீசிக்கொண்டு நின்றிருந்தது. அந்தச் சொற்களைத் தவிர்த்திருக்கலாம். தோன்றவில்லை.

"மொத நாளே தெரியும். நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன். நீ எழுதிக்கிட்டே இருந்த. நானும் படிச்சுக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள அந்த ஆளு தேதிய மாத்திட்டான்." கட்டுப் போட்ட விரலால் மேசையைத் தட்டினார். "கேக்காம விட்டது என் தப்பு. சொல்லாம விட்டது உன் தப்பு. என் தப்புக்கு விரல் போச்சு. உனக்கு வேலை. மீதிப் பத்துக்கும் அளவு எடு."

பிறகு, "வேற ஏதாவது கேக்கணுமா?"

இருந்தது. முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

"ஒண்ணுமில்ல மேடம்."

மார்ச் 19, வியாழன்

கம்பெனிக்காரர் வந்தார். பத்துக் குதிரைகளின் முதுகையும் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். நாலு பேருக்குப் புதுச் சேணம் பொருந்துகிறது; ஆறு பேருக்கு முன்பக்கம் அகலமானது வேண்டும். சீமாட்டியுடையதையும் சேர்த்து ஏழு சேணங்களைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். வரைபடங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "எங்க ட்ரெயினிங் எடுத்தீங்க?"

"உங்க பெட்டியில இருந்த புஸ்தகம் சார். ஒம்பதாம் பக்கம்."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கைடண்ணனுக்குப் புரையேறியது. இப்போதெல்லாம் என்னைப் 'பட்டதாரி' என்றுதான் கூப்பிடுகிறார். வரைபடங்களில் தோள் அளவை ஒருமுறை சரிபார்த்தது அம்மா. அதை யாருக்கும் சொல்லவில்லை, வாக்கு கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 21, சனி

காலையில் ஒரு சீட்டு எழுதினேன். புகார்ப்பெட்டிவரை போனேன். பாதி உள்ளே நுழைத்துவிட்டு, வெளியே இழுத்துக் கிழித்துப்போட்டேன்.

மேடம் முற்றத்தில் சீமாட்டிக்கு வயிற்றுப்பட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பத்து மணிச் சவாரிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னம்மா?"

"மேடம், ஆறு மாசமா போன்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன். நான் ஒரு தடவைகூட ஏறினதில்ல." மூச்சு வாங்கிக்கொண்டேன். "ஒரே ஒரு சுத்து, ஏறிப் பாக்கட்டுமா? டீ டம்ளரோட."