பாட்டுப்பெட்டியின் உறுமல் மண்ணுக்குள் போன கதை

மதலேனா, இந்தச் சீட்டில் உள்ளது அத்தனையும் சத்தியம். கெபி மாதாவே சாட்சி. நீ என்னோடு பேசுவதில்லை என்பதால் என் கதையை, யாரோ எழுதுவதுபோல, உன் புருஷன் அடைக்கலத்தின் கதையாகவே எழுதுகிறேன்.

"யோவ், நாளைக்கு சாயங்காலம் ஜெபக்கூட்டத்துல பாட்டுப்பெட்டி மறுபடி உறுமிச்சின்னா, அதையும் ஒன்னையும் சேர்த்து வூட்டுக்கு வெளிய போட்டுடுவேன்" என்றாய் அல்லவா? எர்த் இல்லாததால்தான் உறுமல் என்று கண்டுபிடித்த அடைக்கலம், விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினார். கரியும் உப்பும் கொட்டினார். (ஊறுகாய்க்கு வைத்த கல்லுப்பைத் தேடாதே.) எர்த் கம்பியை அடித்து ஒயரை முடுக்கியதுமே உறுமல் மொத்தமும் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. சாமைக்கொல்லை எலிகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடின. மலைத்தேனீக்கள் ராணி கூப்பிடுவதாக நினைத்துக் குழியைச் சுற்றின. பக்கத்து வீட்டு ஜஸ்டஸ் ஓடிவந்து, "மாமா, எங்க கெணறு இன்னாத்துக்கு மொனவுது?" என்றான். பெட்டியோ பெரிய வெள்ளிக்கிழமையில் அடிக்காமல் கிடக்கும் கோயில் மணிபோல மூச்சு விடவில்லை.

உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. கோபத்தில் பூனைக்கு ஊற்றிவிடாதே.

பி.கு.: அவர் வரும்வரை பெட்டியைப் போடாதே.

இன்னொன்று: எர்த் கம்பி இன்னும் வேலூர்க் கடையில்தான் இருக்கிறது; அதை வாங்கத்தான் பஸ் ஏறப் போகிறார்.