கம்பியில் தொங்கும் விமானத்தளத்து உறைகள்

அனுப்புநர்:
த. காசிமாயன்,
ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்,
விளாங்குடி, மதுரை தாலுகா.

பெறுநர்:
கனம் பொருந்திய ஜில்லா போலீஸ் சூப்பரிண்டெண்டு அவர்கள் சமூகத்திற்கு,
மதுரை.

பொருள்: காவல் நிலையக் கம்பியில் குத்தப்பட்டுள்ள அறுபத்து மூன்று தபால் உறைகளைக் கிழியாமல் மீட்டுத் தருதல்.

கனம் ஐயா,

1. யுத்தம் முடிந்து கலைக்கப்பட்ட நம் பக்கத்து ராணுவ விமானத்தளத்தின் தபால் முத்திரை விழுந்த உறைகளை நான் சேகரித்து வருகிறேன். உள்ளிருக்கும் கடிதம் எனக்கு வேண்டாம். உறையும் முத்திரையும் போதும். தளத்தில் வேலை பார்த்தவர்களின் வீடுவீடாய் ஏறி இறங்கி வாங்கியவை. இதில் என்ன ராஜத்துரோகம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

2. நான் ராணுவ ரகசியம் வைத்திருப்பதாக எவனோ மொட்டைக் கடிதம் போட, சென்ற மாதம் 4ஆம் தேதி ஏட்டையா வந்து அத்தனையையும் அள்ளிச் சென்றார். பத்தே நாளில் குற்றமில்லை என்று எழுதியும் விட்டார்கள். திரும்ப வாங்கப் போனேன். ஐயா, வயிறு எரிகிறது! பழைய சம்மன்களோடு சேர்த்து, கொக்கிக் கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருக்கிறார்கள். "ஒண்ணுகூடத் தொலையல வாத்தியாரே, எம்புட்டுப் பத்திரமா வச்சிருக்கோம் பாருங்க" என்று ஏட்டையாவுக்குப் பெருமை வேறு. வீட்டுக் கடிதங்களை நாமெல்லாரும் அப்படித்தான் குத்தி வைக்கிறோம், மறுக்கவில்லை. உருவினால் கொக்கியில் மாட்டிக் கிழியும், கொக்கியை நறுக்குங்கள் என்றேன். கம்பி சர்க்கார் சொத்தாம்.

3. அடியிலிருந்து மூன்றாவது உறை என்னுடையதல்ல. ஒச்சம்மாள் என்னும் கூலிவேலைக்காரப் பெண்மணி இரவலாகத் தந்தது. தளத்துச் சமையலறையில் இருந்த அவர் மகன் மலையாண்டி, படைப்பிரிவோடு பர்மாவுக்குப் புறப்பட்ட அன்று போட்ட கடிதத்தின் உறை. அதன்பின் அவனைப் பற்றித் தகவலே இல்லை. அவருக்காக ராணுவ ஆபீசுக்கு எழுதினேன். உறை பறிபோன மறுவாரம் பதில் வருகிறது: பிரிவு எண்ணைத் தெரிவிக்கவும். அந்த எண் அவ்வுறையின் மேல் மட்டுமே உண்டு. முத்திரையின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்த மடையன் நான், எண்ணைக் குறித்து வைக்கவில்லை.

4. ஒச்சம்மாள் தினமும் நிலையத்துக்கு வந்து கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். மூலையில் தாம் தடவிய மஞ்சளை வைத்து உறையை அடையாளம் காட்டுகிறார். "எம்மகன் கையெழுத்தையா குத்துனீக?" என்று கேட்டார். மேலே காகிதங்கள் இறுகிக் கிடப்பதால், கம்பி எண்ணைத் துளைத்ததா, தப்பியதா என்பது வெளியே எடுத்தால்தான் தெரியும்.

ஆகவே கொக்கியை நறுக்கி, உறைகளை அலுங்காமல் எடுத்துத் தர உடனே உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். புதுக் கம்பி நானே வாங்கித் தருகிறேன்.

இடம்: விளாங்குடி
தேதி: 18-11-1946

இப்படிக்கு,
த. காசிமாயன்

ஒச்சம்மாள், இடதுகைப் பெருவிரல் ரேகை

குறிப்பு: இம்மனுவும் ஒரு நாள் தங்கள் ஆபீஸ் கம்பிக்குப் போகும் என்பது தெரியும். அப்போது அந்த அம்மாளின் ரேகையை மட்டும் விட்டுவிட்டுக் குத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.