உட்கரு வாசலில் கசிவு

ஜூன் 4

காலையில் ஆய்வகத்திலிருந்து போன். தம்பியின் தோல் செல்கள் நரம்புச் செல்களாக மாறிவிட்டனவாம். நன்றாக இருக்கின்றனவாம்.

தம்பி போய் நான்கு மாதம் ஆகிறது.

கை சோர்ந்து, பேச்சு குழறி, கடைசியில் மூச்சையும் நிறுத்திய நோய். உயிரோடு இருந்தபோதே அவன் தோலில் மிளகளவு எடுத்தார்கள். தெரிந்த மரபணுக் கோளாறு எதுவும் இல்லை, குடும்ப நோயாக இருக்காது என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்த உறவு வேண்டும் என்று என்னிடமும் எடுத்தார்கள். அவன் எண் பதினேழு. நான் பதினெட்டு.

தம்பி மனைவியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

“அப்போ அங்க அவருக்கு யாரு சாப்பாடு போடறாங்கக்கா?”

ஜூன் 9

போய்ப் பார்த்தேன். ஆய்வாளர் ஒல்லி, வெள்ளைக் கோட்டு. மனதுக்குள் சாக்பீஸ் என்று பெயர் வைத்துவிட்டேன், பழக்கதோஷம்.

செல்கள் வளரும் பெட்டியின் கதவைத் திறந்ததும் முகத்தில் வெதுவெதுப்பு அடித்தது. உடம்புச் சூடு. தட்டுகளில் இளஞ்சிவப்பு நீர்.

“ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணிய மாத்தறோம், டீச்சர்.”

“ஞாயித்துக்கிழமை?”

“அதுங்களுக்கு ஏது லீவு?”

கதவு மூடும்போது கையை இடையில் நீட்டப் போனேன். ஏன்?

ஜூன் 10

நான் நடத்திய அறிவியல் பாடப்புத்தகத்தில் செல் உட்கருவின் உறையிலுள்ள துளைக்கு ஒரே வரிதான். அதுவும் தப்பு. அது வெறும் துளை அல்ல, வாசல். ஓர் உட்கருவைச் சுற்றி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எட்டுத் தூண்கள் வட்டமாக நிற்கும் மண்டபம். நடுவில் மெல்லிய இழைகள், ஓயாமல் அசைந்தபடி.

பள்ளிக்கூட கேட்டை நினைத்துக்கொள்ளலாம். பூனைக்குட்டி கம்பி இடுக்கில் தானே புகுந்துவிடும். பெரிய ஆள் என்றால் சீட்டு வேண்டும், கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். செல்லிலும் சிறு மூலக்கூறுகள் தாமே போய்வரும். பெரிய புரதம் துணையோடுதான் இழைகளைக் கடக்கும்.

சாக்பீஸ் இன்னொன்றும் சொன்னார். நம் தலைக்குள் இருக்கும் நரம்புச் செல்கள் பிரிவதில்லை. அவற்றின் வாசல்தூண்கள் பல, வாழ்நாளின் தொடக்கத்தில் நிறுத்தியவை. மாற்றப்படுவது அபூர்வம். எனக்கு அறுபத்தாறு. இதை எழுதும் இந்த நிமிடமும் அவை உள்ளே நின்றுகொண்டிருக்கின்றன.

ஜூன் 16

வேலை கிடைத்தது! “நீங்க பேப்பர் திருத்தினவங்க. ஆள் யாருன்னு தெரியாம திருத்தணும்” என்றார் சாக்பீஸ். இருநூறு படங்கள், பாதி தம்பியுடையவை, பாதி என்னுடையவை. எண்ணை மறைத்துக் காகிதம் ஒட்டியிருக்கிறது. பச்சையாக ஒளிரும் ஒரு புரதம் உட்கருவுக்குள் நிற்க வேண்டும். நின்றால் ரைட். தம்பியின் நோயில் ஆவது போல வாசல் தளர்ந்து வெளியே பரவியிருந்தால் தப்பு.

ஜூன் 18

நாற்பத்தொன்றாவது படம். இவன்தான்.

எப்படித் தெரியும்? தெரிகிறது. ஒரு கிளையை நீட்டி, சோம்பல் முறிப்பது போல ஓரத்தில் சாய்ந்திருக்கிறான். பச்சை முழுக்க வெளியே. “போதும்டா, தூங்கு” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அறையில் யாரும் இல்லை. இருந்தும், யாரோ காதில் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

ஜூன் 20

முடிந்தது. தப்பு நூற்று எழுபத்து மூன்று. மீதி இருபத்தேழும் தாராள மனதோடு போட்ட மார்க்.

ஜூன் 23

சாக்பீஸ் சிரித்தார். “பாதிப் படம் உங்களோடது, டீச்சர். அதெல்லாம் பாஸாகணும். உங்களையே நீங்க ஃபெயிலாக்கிட்டீங்களே!”

நானும் சிரித்தேன். நாற்பத்தொன்று யாருடையது என்று கேட்டேன். காகிதத்தை உரித்தார்.

பதினெட்டு.

ஜூன் 24

அவரே திருத்தினார். தப்பு நூற்று எழுபத்தொன்று. இன்று சிரிக்கவில்லை. எண் மாறியிருக்கும், இரண்டு தட்டும் தம்பியுடையதாக இருக்கும் என்கிறார். உறையவைத்த செல் இருப்பிலிருந்து மறுபடி வளர்க்கப் பத்து வாரம் ஆகும்.

ஜூலை 2

எண் மாறித்தான் இருக்கும். வேற என்ன? அந்தப் பெட்டியில அவன் மட்டும்தான் இருந்திருக்கான். நான் இல்ல. நான் இங்க இருக்கேன் — இந்த நாற்காலியில. ஆனா நான் தூங்குன்னு சொன்னது யாரை?

ஆகஸ்ட் 30

பேனா மூடியைத் திறக்க முடியவில்லை. தம்பி மனைவி ஒரே திருகில் திறந்தாள். இறுகியிருந்திருக்கும்.

செப்டம்பர் 8

சாக்பீஸ் நாற்காலியை எனக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொல்லும் முன்பே புரிந்தது.

“எண் மாறலை, டீச்சர். மரபணுவ ஒப்பிட்டுப் பாத்துட்டோம். பதினெட்டு நீங்கதான். கசிவும் அதேதான்.” பிறகு கேட்டார்: “உங்க தட்டை நிறுத்திடட்டுமா? நீங்க சொன்னா போதும்.”

எழுந்து பெட்டியின் கண்ணாடியில் கை வைத்தேன்.

“வேண்டாம். ரெண்டு பேரையும் ஒரே பட்டியல்ல போடுங்க. ஒப்பிட வேற நல்ல ஆளைப் பிடிங்க. திருத்த நான் வரேன்.”

வீட்டில் தம்பி மனைவியிடம் சொன்னேன். சாயங்காலம் பார்த்தால் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தம்பிக்குக் கை சோர்ந்தபோதும் முதலில் அதைத்தான் கழற்றினாள்.

பிப்ரவரி 19

இது தம்பி மனைவியின் கையெழுத்து. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். திருத்துவதும் இப்போது அப்படித்தான்.

இன்று புதிய தட்டின் படங்கள் வந்தன. யாரோ முகம் தெரியாத, நோயில்லாத ஒருவருடையவை. முதல் படத்தைக் காட்டினாள். வட்டத்துக்குள் பச்சை. விளிம்போடு நிற்கிறது. ஒரு பொட்டுகூட வெளியே இல்லை.

“ரைட்டா, தப்பா? சொல்லுங்கக்கா.”

எனக்குப் பேச வரவில்லை.

“ஐயோ, பேச்சும் போச்சோன்னு பயந்துட்டேன்” என்றாள் அப்புறம். (இதையும் எழுதணுமா அக்கா என்று கேட்கிறாள். எழுது.)

பேச்சு போகவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் உட்கருவுக்கு வட்டம் போட்டுப் பாடம் நடத்தியிருக்கிறேன். நல்ல வாசல் எப்படிக் காக்கும் என்று இன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ரைட் போடச் சொன்னேன். பெரிதாக.