காய்க்காத மரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வீக்கம் வற்றியதா? நான் சுகம்.

குச்சவெளி மணலில் நான் காவல் பார்க்கும், ஈந்து போல ஓலை விரிக்கும் சைக்கஸ் மரங்கள் அழிந்துவரும் இனம். இங்கே மிஞ்சியிருந்த ஒரே ஆண் மரத்தை, பக்கத்துப் புது விடுதிக்காரர் திறப்புவிழாப் பந்தலுக்கு ஓலை வேண்டுமென்று நேற்று அடியில் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். தடுக்கப்போய் என் கையில் முள் கீறியது. சின்னக் காயம்தான், அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

"காய்க்காததைத்தானே தங்கச்சி வெட்டினனாங்கள்? காய்க்கிறதுகளைத் தொடயில்லையே!" என்றார் அவர்களின் மேற்பார்வையாளர், ஏதோ புண்ணியம் செய்தவர் போல. ஆண் மரம் இல்லாமல் இனி எந்த விதையும் முளைக்காது என்று கத்தினேன். சிரித்தார்.

அடிக்கட்டை துளிர்க்கலாம். மாடு கடிக்காமல் சுற்றிக்கட்ட உங்கள் பழைய மீன்வலையை அங்கிருந்து வரும் மட்டக்களப்பு பஸ்ஸில் அனுப்புங்கள். கூடவே இரண்டு வரி எழுதுங்கள். இங்கே கதைக்க ஆளில்லை.

பொங்கலுக்கு வரமாட்டேன். அடிக்கட்டை துளிர்க்கும்வரை அந்த மேற்பார்வையாளர் தினமும் என் முகத்தில்தான் விழிக்கவேண்டும்.

மகள்,
யசோதரா