மாடி அறைக்குச் சூடு வேண்டாமாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், நீயும் அங்கே சுகமாக இருப்பாய். மற்றபடி நேற்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுத்து கோணல்மாணலாகப் போனால் அதுதான் காரணம்.

வீட்டைச் சூடாக்கும் நம் பழைய ஹீட்டர் ஒருவழியாக உயிரை விட்டுவிட்டது. கரண்ட் மிச்சமாகும் என்று எல்லாரும் சொல்வதால் ஹீட் பம்ப் போடலாமென்று ஒருவரை வரச் சொன்னோம். வெளியே ஒரு பெட்டி வைப்பார்களாம், அது குளிர்காற்றிலிருந்தே சூட்டை இழுத்து உள்ளே அனுப்புமாம். குளிரில் ஏது சூடு என்று கேட்டேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால கை வச்சுப் பாருங்கம்மா, அதைத் திருப்பிப் போட்டதுதான் இது என்றார். சரி, போடுவதைப் பெரியதாகவே போடுங்கள் என்றேன், அவர் தலையை ஆட்டினார். பெரிசா போட்டா நின்னு நின்னு ஓடும், கரண்டையும் இழுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும், வீட்டுக்குச் சரியான அளவா இருக்கணும், எந்தெந்த ரூம்ல ஆள் இருப்பீங்க என்று கேட்டு டேப்பை எடுத்தார். உன் அறையைக் காட்ட நான் மாடிப்படியில் கால் வைத்துவிட்டேன். அப்பா சொல்கிறார், மாடி வேணாங்க, கீழ மட்டும் அளங்க, நாங்க ரெண்டு பேருதான் என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த வருஷம் மகள் இங்கேயே வந்துவிடுவாள் என்று போன வாரம்கூடப் பக்கத்து வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டிருந்தேனே!

வந்தவர் போனதும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் வாயிலிருந்து வந்தது, நீ அங்கேயே வீடு வாங்கிவிட்டாயாம், அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்கப்பா என்றாயாம். இத்தனை நாள் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன் மூச்சு விடவில்லை. பிறகு அந்த ஆளிடம் மட்டும் ஏன் சொன்னீர்கள் என்றால், அளவுல எப்படிப் பொய் சொல்றது என்கிறார். காலமெல்லாம் துணி தைத்தவர் அல்லவா, பெண்டாட்டியிடம் மறைக்கத் தெரிகிறது, டேப்பைக் கண்டால் பொய் வரவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

நீ வீடு வாங்கியதில் எனக்குக் கோபமில்லை. சந்தோஷத்தை வாய் நிறையச் சொல்ல விடாமல் பண்ணிவிட்டாயே, அதுதான் பொறுக்கவில்லை. நான் என்ன உன்னைக் கட்டிப் போடுவேனா? சாயங்காலம் உன் அறையில் போய் உட்கார்ந்திருந்தேன், காலெல்லாம் விறைத்துவிட்டது, வேறொன்றுமில்லை. இன்று காலையில் நானே போன் போட்டு, கீழே மட்டும் போதும், சின்னதே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நீ வந்தால் எங்களோடு ஹாலில் படுத்துக்கொள்.

அப்பாவைத் திட்டாதே, பாவம். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. புது வீட்டில் குறையொன்றும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே, அங்கேயும் இப்படி அளக்க வருவார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்.

இன்னும் படபடப்பு அடங்காத,
அம்மா